போன் வந்துவிட்டதாம், பெண்கள் பத்திரிகை வேண்டாமாம்

பெண்கள் பத்திரிகையின் காலம் முடிந்துவிட்டது என்று சொல்வது இப்போது ஒரு நாகரிகம். முற்போக்கு பேசுகிறவரும் சொல்கிறார், முதலீடு பேசுகிறவரும் சொல்கிறார். எதிலும் ஒத்துப்போகாத இந்த இரண்டு பேரும் ஒரே குரலில் ஒன்றைச் சொன்னால் அதைக் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும்.

அவர்கள் தரப்பைக் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெண்கள் இதழ் என்றால் என்ன? அட்டையில் பட்டுப்புடவை கட்டிய நடிகை. உள்ளே முப்பது வகைத் துவையல், மார்கழிக் கோலம், முகப்பரு வைத்தியம், ராசிபலன், வாசகியர் அனுப்பிய டிப்ஸ், அதற்கு ஒரு பரிசு. பெண்ணை அடுப்படியிலேயே உட்கார வைத்துவிட்டு அதற்குச் சேவை என்று பெயர். இது முதல் வாதம். இரண்டாவது, பெண்ணுக்கென்று தனியாக ஒன்று நடத்துவதே அவளைக் குறைத்து எடைபோடுவது. செய்தி எல்லோருக்கும் பொது. ரயிலில் மகளிர் பெட்டி மாதிரி படிப்பிலும் ஒரு பெட்டி எதற்கு? மூன்றாவது, எல்லோர் கையிலும் போன் வந்துவிட்டது. சமையலோ சட்டமோ கேட்ட நொடியில் கிடைக்கிறது, கிராமத்துப் பெண்ணே சேனல் நடத்துகிறாள். நான்காவது, பெண்கள் விரும்புவதே துவையலையும் கோலத்தையும்தான், விற்பதைப் போடுகிறார்கள். ஐந்தாவதை மேடையில் சொல்ல மாட்டார்கள், டீக்கடையில் சொல்வார்கள்: காட்டு வேலைக்குப் போய்விட்டு வருகிற பொம்பளை எங்கே உட்கார்ந்து படிக்கப் போகிறாள்?

இதிலெல்லாம் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். மங்கையர் மலர் 2020 ஊரடங்கின்போது கல்கியோடு சேர்ந்து அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போனது. பல இதழ்களின் பக்கங்கள் அவற்றைத் திட்டுகிறவர்கள் சொல்வதைவிட மோசமாகவே இருக்கின்றன. ஆனாலும் இந்த வாதங்களை அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி என்று விருதுநகர் மாவட்டத்தின் இந்த மானாவாரிப் பூமியில் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால் ஒன்றும் நிற்காது.

1. சமையல் குறிப்பு அற்பம் என்று தீர்ப்பு எழுதியது யார்?

குதிரைவாலியை எடுத்துக்கொள்வோம். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைத்து, தை வாக்கில் அறுக்கிற இந்தக் கரிசல் தானியம். 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. குதிரைவாலிப் பொங்கல், குதிரைவாலி பிரியாணி, குதிரைவாலிப் பாயசம் என்று மகளிர் பக்கங்கள் நிரம்பி வழிந்தன. எல்லாமே ‘குதிரைவாலி அரிசி ஒரு கப்’ என்ற வரியில்தான் தொடங்கும். அந்த ஒரு கப் கைக்கு வருவதற்கு முன்னால் நடப்பதுதான் இங்கே உள்ள பெண்ணின் பிழைப்பு. உமி லேசில் விடாத தானியம். உரலில் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அதற்கு முன்பே மலிவாகக் கிடைத்தது. ஊர் ஊராகக் குதிரைவாலிச் சோறு குறைந்துபோனதற்கு நாக்கு மாறியது மட்டும் காரணம் இல்லை, குத்துகிற கைக்கு ஓய்வு வேண்டியிருந்தது. பாரம்பரிய உணவை மறந்துவிட்டோமே என்று நகரத்தில் உட்கார்ந்து வருத்தப்படுகிற கட்டுரைகளில் இந்தக் கை வருவதே இல்லை.

ஆகவே சமையல் குறிப்பு சமையலைப் பேசியது குற்றம் என்று நான் நினைக்கவில்லை. சமையலைப் பாதியில் தொடங்குகிறது, அதுதான் குற்றம். தோல் நீக்கும் மெஷின் எந்த ஊரில் இருக்கிறது, அரைவைக் கூலி என்ன, களத்தில் மூட்டைக்குக் கொடுத்த விலைக்கும் மதுரைக் கடையில் பாக்கெட்டில் போட்டிருக்கும் விலைக்கும் நடுவில் நிற்பது யார்? அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் கோவிலாங்குளத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்த வருஷம் விதை கிடைக்குமா, எந்த ரகம்? இதையெல்லாம் எழுதினால் அது சமையல் பக்கமா, விவசாயப் பக்கமா, பொருளாதாரப் பக்கமா? மூன்றும்தான். பொதுப் பத்திரிகையின் விவசாயப் பக்கம் இதை எழுதாது. அந்தப் பக்கத்து விவசாயி எப்போதும் துண்டு போட்ட ஆண்.

அதலைக்காயையும் சொல்ல வேண்டும். மழைக்குப் பிறகு கரிசல் காட்டில் தானாகக் கொடி ஓடிக் காய்ப்பது. விதைக்கிறவர் இல்லை. வரப்பு வரப்பாகக் குனிந்து பறித்து, படியில் அளந்து விற்பது பெண்கள். கசப்புக் காய்க்கு இங்கே இருக்கிற மவுசு வெளியூர்க்காரருக்குப் புரியாது. அதன் ‘மருத்துவக் குணங்கள்’ பற்றி வீடியோக்கள் வந்தபடி இருக்கின்றன. பறிக்கிறவளுக்கு அதில் என்ன நிற்கிறது என்று கேட்டு ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

2. தனிப் பத்திரிகை அவமானம் என்றால் மரகதவல்லி செய்தது என்ன?

1936-ல் காரைக்குடியிலிருந்து ‘மாதர் மறுமணம்’ என்று ஒரு மாத இதழ் வந்தது. மரகதவல்லி ஆசிரியர். கைம்பெண்களின் மறுமணம் ஒன்றையே பேசுவதற்கு ஓர் இதழ். அன்று காரைக்குடியும் அருப்புக்கோட்டையும் ஒரே ராமநாதபுரம் ஜில்லா. ‘செய்தி எல்லோருக்கும் பொது’ என்பது உண்மையாக இருந்திருந்தால் அந்த இதழுக்கு வேலையே இருந்திருக்காது. பொதுப் பத்திரிகைகள் அப்போது ஏராளம். அவற்றுக்கு இந்த விஷயம் எப்போதாவது ஒரு துணுக்கு. அதற்கும் ஐந்து வருஷம் முன்பு, 1931-ல், விருதுநகரில் சுயமரியாதை மாநாடு கூடியபோது பெண்கள் மாநாடும் நடந்தது. சமத்துவம் பேசியவர்கள்தான் நடத்தினார்கள். பொது மேடையில் இடம் கேட்பதும் தனக்கென்று ஒரு மேடை போட்டுக்கொள்வதும் முரண் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

பழங்கதை என்பீர்கள். சரி, இன்றைய கதையைப் பார்ப்போம். இந்தப் பக்கத்தில் மகளிர் குழுக் கடன் இல்லாத தெரு கிடையாது. விடிந்தும் விடியாமலும் வாசலில் வசூல்காரர் பைக் நிற்கும். ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நுண்கடன் விதிகள் என்ன சொல்கின்றன? ஆண்டு வருமானம் 3 லட்ச ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் கொடுப்பது நுண்கடன். குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாதத் தவணை, மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. நுண்கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் வசூலுக்காகத் தொந்தரவு செய்யக்கூடாது. 2025-ல் தமிழ்நாடு அரசும் வலுக்கட்டாய வசூலுக்கு எதிராக ஒரு சட்டம் கொண்டுவந்தது.

பொதுப் பத்திரிகைகள் இந்தச் செய்தியைப் போட்டன, இல்லை என்று சொல்லவில்லை. வர்த்தகப் பக்கத்தில், பங்குச் சந்தைக்குப் பக்கத்தில், கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்கு இதனால் லாபமா நஷ்டமா என்ற கோணத்தில். கடன் வாங்கிய பெண்ணை நோக்கி, ‘காலை ஏழு மணிக்கு வந்து நின்றால் நீ இதைச் சொல்லலாம்’ என்று அது பேசவில்லை. பேசாது. அதன் வாசகர் அவள் இல்லை. பெண்கள் இதழும் பேசவில்லை என்பது வேறு குற்றச்சாட்டு, அதை நானும் சேர்ந்து சுமத்துகிறேன். ஆனால் ஒருவர் தன் வேலையைச் செய்யவில்லை என்பதற்கு அந்த வேலையே வேண்டாம் என்பது முடிவாகுமா?

இன்னொன்று. பணியிடத்தில் பாலியல் தொந்தரவைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துப் பெண்களும் புகார் கொடுக்க மாவட்ட அளவில் ஒரு குழு இருக்க வேண்டும் என்கிறது. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நாலு தறி ஓடுகிற கொட்டகையில் தார் சுற்றுகிற பெண்ணுக்கு இந்தச் சட்டம் பொருந்தும். அவளுக்குத் தெரியுமா? யார் சொல்லியிருப்பார்கள்?

3. போன் இருக்கிறது. யாருடைய போன்?

2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் நாட்டில் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1 சதவீதம். தானே வைத்துப் பயன்படுத்தும் போன் உள்ள பெண்கள் பாதிக்குச் சற்று மேல். தமிழ்நாட்டில் நிலைமை இதைவிட மேல்தான். ஆனால் இங்கேயும் அந்த ஆய்வின்போது இணையத்தைத் தொட்ட பெண்கள் பாதியை எட்டவில்லை. அதற்குப் பிறகு கூடியிருக்கும், மறுக்கவில்லை. வீட்டுக்கு ஒரு போன் என்றால் அது காலையில் யாரோடு வேலைக்குப் போகிறது, ராத்திரியில் யார் கையில் இருக்கிறது என்பதை இங்கே ஒரு வீட்டில் உட்கார்ந்து பார்த்தாலே தெரியும். நூற்பாலை விடுதிகளில் தங்கி வேலை செய்யும் பிள்ளைகளுக்குப் போன் கட்டுப்பாடு இருந்தது என்பது, கல்யாணத்துக்கு மொத்தப் பணம் தருவதாகச் சொல்லி ஆலைகள் ஆள் சேர்த்த சுமங்கலித் திட்டம் பற்றிய அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வந்த விஷயம்.

இது ஒரு பக்கம். எல்லாப் பெண்ணுக்கும் சொந்தப் போன் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இந்த வாதம் நிற்காது.

போனில் வருவதைத் தேர்ந்தெடுப்பது யார்? எதை எவ்வளவு நேரம் பார்த்தாய் என்று கணக்கெடுக்கிற ஒரு ஏற்பாடு. நரிக்குடிப் பெண்ணுக்கும் நங்கநல்லூர்ப் பெண்ணுக்கும் ஒரே மாடுலர் கிச்சன், ஒரே நகைக்கடை, ஒரே ‘மாமியாரைச் சமாளிக்க ஐந்து வழிகள்’. பத்திரிகையை எதற்காகப் பழித்தார்களோ அது அத்தனையும் போனில் இருக்கிறது, நிறுத்துவதற்கு ஒரு கடைசிப் பக்கம்கூட இல்லாமல்.

பொறுப்பு யாருக்கு என்பது அடுத்த கேள்வி. பத்திரிகையின் ஒரு மூலையில் அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர் பெயர்கள் பொடி எழுத்தில் இருக்கும். வெள்ளைக்காரன் 1867-ல் போட்ட சட்டத்திலிருந்து வந்த வழக்கம். யாரைப் பிடிப்பது என்று அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. வாசகிக்கும் அது உதவியது. தைராய்டு மாத்திரையை நிறுத்திவிட்டு இந்தக் கஷாயத்தைக் குடி என்று இதழில் வந்தால், ஆசிரியருக்குக் கார்டு போடலாம், மறுப்பு வெளியிடச் சொல்லலாம், வழக்குப் போடலாம். அதே கஷாயம் வீடியோவில் வந்தால்? சேனலின் பெயர் ‘அம்மாவின் கைமருந்து’ மாதிரி ஏதாவது ஒன்று. அம்மா யார், எந்த ஊர்?

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, இந்த வாதத்தைச் சொல்கிறவர்கள் கவனிக்காதது. ‘பெயர் வெளியிட விரும்பாத வாசகி’ என்று கையெழுத்திட்ட கடிதம். புருஷன் அடிப்பதைப் பற்றி, குழந்தை இல்லாததைப் பற்றி, மில்லில் சூப்பர்வைசர் செய்ததைப் பற்றி ஒரு பெண் எழுத முடிந்தது. பெயரை ஆசிரியர் காப்பாற்றுவார் என்ற நம்பிக்கையில் எழுதினாள். ஒரு தெருவில் எல்லோரும் ஒரே சாதி, ஒரே சொந்தம், எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில் அந்த மறைப்பு சின்ன விஷயமா? வீடியோவில் முகம் வரும். முகம் வராவிட்டாலும் குரல் வரும். கீழே வருகிற பின்னூட்டத்தில் மைத்துனன் இருப்பான். எல்லோருக்கும் குரல் கிடைத்துவிட்டது என்கிறார்கள். இந்தப் பக்கத்தில் முகம் காட்டத் துணிந்தவளுக்கு மட்டும்தான் கிடைத்திருக்கிறது.

நான் இணையத்துக்கு எதிரி இல்லை. ஈழத்துப் பெண்களும் புலம்பெயர்ந்த பெண்களும் முன்னின்று நடத்திவரும் ‘ஊடறு’ இணைய இதழ் இருக்கிறது. சென்னையில் பெண்கள் முன்னின்று நடத்தும் ‘ஹெர் ஸ்டோரிஸ்’ இணையதளமாகவும் பதிப்பகமாகவும் இருக்கிறது. இரண்டிலும் ஒரு பெண் எழுதியதை இன்னொரு பெண் படித்து, கேள்வி கேட்டு, திருத்தி, பொறுப்பெடுத்து வெளியிடுகிறாள். கருவி போனாக இருக்கலாம். ஆசிரியர் இருக்க வேண்டும். ஆக, இவை என் பக்கத்துச் சாட்சிகள்.

4. விரும்புவது பெண்களா, விளம்பரக்காரர்களா?

இதற்கு அதிகம் பேச வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1972-ல் தொடங்கிய ‘மிஸ்’ இதழ் 1990-ல் விளம்பரமே வேண்டாம் என்று முடிவெடுத்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரான குளோரியா ஸ்டைனம் காரணத்தை விவரமாக எழுதினார்: உணவு நிறுவனம் விளம்பரம் கொடுத்தால் பக்கத்தில் சமையல் குறிப்பு கேட்கும், அழகுசாதன நிறுவனம் அழகுக் கட்டுரை கேட்கும். தில்லியில் 1978-ல் தொடங்கப்பட்ட ‘மானுஷி’ விளம்பரம் வாங்காமலே நடந்தது. பெண்ணின் விருப்பம் என்று நமக்குக் காட்டப்படுவதில் மசாலாக் கம்பெனியின் விருப்பம் எத்தனை பங்கு என்று கணக்குப் பார்த்துவிட்டுப் பேசலாம். காய்ந்த பூமியில் கரி மூட்டம் போடுகிற பெண்ணிடம் விற்பதற்கு எந்தக் கம்பெனிக்கும் ஒன்றும் இல்லை. அதனால்தான் அவள் எந்த அட்டையிலும் இல்லை.

5. காட்டு வேலைக்காரி படிக்க மாட்டாளா?

வை.மு. கோதைநாயகியைத் தெரியாமல் பேசுகிற பேச்சு இது. தன் முதல் நாடகத்தை அவரால் எழுத முடியவில்லை, எழுத்துப் பழக்கம் போதாது. தோழி பட்டம்மாளிடம் சொல்லி எழுதவைத்தார். அதே பெண் 1925-ல் ‘ஜகன்மோகினி’ இதழைக் கையில் எடுத்து நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார், சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். அவர் நாவல்களைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிய இலக்கியக்காரர்கள் அன்றும் இருந்தார்கள்.

அவர் சென்னைத் திருவல்லிக்கேணிக்காரர் என்பீர்கள். புதுக்கோட்டைக்கு வாருங்கள். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் கல்குவாரியில் வேலை செய்த பெண்கள் எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். அதுவும் இதே மாதிரி வானம் பார்த்த சீமை. புந்தேல்கண்டுக்குப் போங்கள். உத்தரப்பிரதேசத்தின் அந்த வறண்ட பகுதியில், சித்ரகூட்டில், 2002-ல் ‘கபர் லஹரியா’ பத்திரிகை தொடங்கியது. தலித், பழங்குடி, முஸ்லிம் பெண்கள் வட்டார மொழியில் நிருபர்களாக எழுதினார்கள். பிறகு அச்சை விட்டு முழுக்க போனுக்கு மாறினார்கள். அவர்களைப் பற்றிய ஆவணப்படம் 2022 ஆஸ்கர் போட்டிப் பட்டியலுக்குப் போனது. போன் வந்தபோது அவர்களிடம் ஏற்கெனவே ஒரு செய்தி அறை இருந்தது, போன் அதற்குள் வந்தது. நம் ஊரில் செய்தி அறை இல்லாமல் போன் மட்டும் வந்திருக்கிறது.

படிக்கத் தெரியாதவர்களுக்கும் வழி உண்டு. தெலங்கானாவில் சாகீராபாத் பக்கம், சிறுதானியம் விளையும் மானாவாரி ஊர் மாச்சனூரில், 2008 அக்டோபரில் ‘சங்கம் ரேடியோ’ ஒலிபரப்பைத் தொடங்கியது. தலித் பெண் விவசாயிகள் நடத்தும் சமுதாய வானொலி. விதையும் பாட்டும் வழக்கும் அதில் பேசப்படுகின்றன. 2006 முதல் தொண்டு நிறுவனங்களும் இத்தகைய நிலையத்துக்கு விண்ணப்பிக்கலாம். வேளாண் அறிவியல் நிலையங்களுக்கும் அந்தத் தகுதி உண்டு, விருதுநகர் மாவட்டத்துக்கானது அருப்புக்கோட்டையிலேயே இருக்கிறது. சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக்கூடாது என்று அரசு வைத்திருக்கும் தடை மட்டும் ஒரு இடைஞ்சல்.

சரி, எழுதத் தெரியுமா என்கிறீர்களா? தர்மபுரியில் 1989-ல் ஆரம்பித்த மகளிர் சுய உதவிக் குழு இன்று இங்கே ஊருக்குப் பல. ஒவ்வொரு குழுவிலும் ஒரு தீர்மான நோட்டு. யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு எதற்காகக் கடன், மகள் பிரசவமா, மாடு வாங்கவா, புருஷன் ஆஸ்பத்திரியா, யார் எதிர்த்தார், எப்படி முடிந்தது எல்லாம் பெண் கையெழுத்தில் இருக்கும். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவிலுள்ள ஊர்களின் இந்த முப்பது வருஷச் சரித்திரத்தை யாராவது எழுத நினைத்தால் இந்த நோட்டுகளைவிட நல்ல மூலம் கிடைக்காது. எழுதுகிறவர்கள் இல்லை என்று இனி சொல்லாதீர்கள்.

இதழ் நடத்துகிறவர்களுக்கும் இணையதளம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு கோரிக்கை. அடுத்த இதழில் நாலு பக்கம் இந்தச் சீமைக்கு ஒதுக்குங்கள். சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போடுகிற பெண்ணுக்கு ஒரு நாள் கூலி எவ்வளவு, அவள் மூச்சுக்குழலுக்கு என்ன ஆகிறது, நூறு நாள் வேலைச் சம்பளம் எத்தனை வாரம் தள்ளி வந்தது, மில் வேன் எத்தனை மணிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்குகிறது, குடிதண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருதரம் வருகிறது, வத்தல் என்ன விலைக்குப் போனது என்று இங்கே உள்ள பெண்களையே எழுதச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம் என்றால் மறைத்துப் போடுங்கள். வாசகியர் கடிதத்துக்குக் கொடுக்கிற குக்கரைக் கொடுத்து அனுப்பிவிட வேண்டாம். நிருபருக்குக் கொடுக்கிற எழுத்துக் கூலியைக் கொடுங்கள்.